விளையாட்டுச் சாமான்களின் விடுமுறை

சட்டையானாலும் சப்பாத்தானாலும் பிள்ளைக்கு இரண்டு அளவு பெரிதாக வாங்குவதுதான் பேர்பெச்சுவாவின் பழக்கம். வளருகிற பிள்ளை, இன்றைக்குத் தொளதொளவென்று கிடப்பது நாளைக்குக் கணக்காக இருக்கும் என்பாள். மன்னாரிலிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் அது மாறவில்லை. ஆகவே விளையாட்டுச் சாமான் வாங்கப் போனபோதும், ஐந்து வயது ஜெனிற்றாவுக்கு ஏழு வயது என்று எழுதியிருந்த பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்தாள்.

அது நீல நிறத்தில், பிடி வைத்த ஒரு பேசும் பெட்டி. படத்தை அமத்தினால் பெயரை ஜெர்மனில் சொல்லும், எழுத்துக்கூட்டியும் காட்டும். மாட்டை அமத்தினால் மாடு மாதிரியே கத்தும். சரியாக அமத்தினால் பாராட்டும். பிழையாக அமத்தினால் கோபிக்காமல் இன்னொரு தரம் கேட்கும். கவனிக்காமல் விட்டாலோ, தானாகவே "கொம், ஷ்பீல் மிற் மியர்!" என்று கூப்பிடும். வா, என்னோடு விளையாடு என்று அர்த்தம். பேர்பெச்சுவா கடையிலேயே வாய் பிளந்து நின்றாள். இவ்வளவு பொறுமையாக ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிற ஒரு மனிசரை அவள் இந்த நாட்டில் கண்டதில்லை.

வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் ஏற்கனவே ஐரோப்பா வரைபடம், எண்ணும் மணிச்சட்டம், எழுத்துக் கட்டைகள் எல்லாம் இருந்தன. துண்டுகள் தொலைந்துவிடக் கூடாதென்று பெட்டியோடேயே அடுக்கி வைத்திருந்தாள்.

"இது பிள்ளைக்கோ, அலுமாரிக்கோ?" என்று கேட்டான் புருஷன் றெஜினோல்ட். பாண் பேக்கரியில் வேலை முடிந்து, தலைமயிரில் மாவோடு வந்து நின்றான்.

"பகிடி விடாதேங்கோ. Termin வருகுதெல்லே?"

பேச்சுப் பரிசோதனைக்குக் குறித்த அந்த நாள்தான் அவளுடைய நித்திரையைக் கெடுத்துக்கொண்டிருந்தது. வீட்டில் தமிழில் வாய் ஓயாத ஜெனிற்றா, கிண்டர்கார்டன் வாசலைத் தாண்டியதும் ஊமையாகிவிடுவாள். சேர்ந்த நாளிலிருந்து ஒரு சொல் பேசியதில்லை. கோடைக்கு முன் பேச்சுப் பரிசோதனை வரும், அங்கேயும் வாய் திறக்காவிட்டால் மற்றப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் போக விடமாட்டார்கள், தனிப் பள்ளிக்கூடம்தான் என்று ஆசிரியை உல்றிக்கே சொல்லியிருந்தாள். அதற்கும் பேர்பெச்சுவா "யா, யா" என்றுதான் தலையாட்டிவிட்டு வந்தாள். பிழை வந்துவிடும் என்ற பயத்தில் அவளே அங்கே வேறொரு சொல் பேசியதில்லை. தாயைப் பார்த்துத்தான் பிள்ளையும் பூட்டிக்கொண்டதோ என்று ஒருநாளாவது யோசித்தாளா என்றால், இல்லை. அவள் பெட்டியை நம்பினாள்.

அந்த 2005 மாசியில் இன்னொரு இடி விழுந்தது. கிண்டர்கார்டன் சாமான்கள் எல்லாம் விடுமுறையில் போகின்றனவாம். பொம்மை, கட்டை, புதிர் ஒன்றும் விடாமல் பிள்ளைகளே மூட்டை கட்டி, கையசைத்து, நிலவறைக்கு அனுப்பிவிடுவார்களாம். உயிர்த்த ஞாயிறு கழிந்துதான் திரும்பி வருமாம். பெற்றோரும் ஒன்றும் கொடுத்துவிடக் கூடாது.

"சாமான் இல்லாட்டிப் பிள்ளையள் என்னத்தைச் செய்யிறது? சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ?" என்று குதித்தாள் பேர்பெச்சுவா.

"அவையளுக்குத் தெரியும். நீர் கொஞ்சம் பேசாமல் இரும்" என்றான் றெஜினோல்ட்.

அவள் இருக்கவில்லை. அடுத்த நாள் காலையில் நீலப்பெட்டியைத் துவாயில் சுற்றி, சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே பிள்ளையின் பைக்குள் ஒளித்தாள்.

"ஒருத்தரும் பாக்காத நேரம் எடுத்து அமத்துங்கோ, செல்லம்."

"அம்மா, சாமான் எல்லாம் லீவு. இதுக்கும் லீவுதானே?"

"இது சாமானில்லை, படிப்பு" என்றாள் தாய்.

வீட்டுக்கு வந்தாலும் மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. மதியம் பிள்ளையைக் கூட்டிவரப் போகவேண்டிய நேரத்துக்கு முன்பே ஓடினாள். பைகள் கொழுவியிருந்த நடைவழியில் நின்று கதவுக் கண்ணாடியால் எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தட்டுகள் எல்லாம் வெறுமை. ஆனால் அறை நிறைந்திருந்தது. மேசைகளைச் சேர்த்துப் போர்வை போட்டு ஒரு வீடு. கதிரைகளை வரிசையாக வைத்து ஒரு ரயில், அதற்கு ரிக்கற் கிழிக்க ஒருவன். ஒரு கயிறு ஆறாகக் கிடந்தது, அதைத் தாண்டியவர்கள் உண்மையாகவே நனைந்தவர்கள்போலக் காலை உதறினார்கள். உல்றிக்கே ஒன்றுமே செய்யாமல் சுவரோரம் நிலத்தில் இருந்தாள். ஒன்றுமில்லாத இடத்தில் இவ்வளவும் எங்கிருந்து வந்தது? பேர்பெச்சுவா தன்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஜெனிற்றா மட்டும் போர்வை வீட்டு வாசலில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து, பேர்பெச்சுவாவின் காதுக்குப் பக்கத்தில் தொங்கிய பிள்ளையின் பை பேசியது.

"கொம், ஷ்பீல் மிற் மியர்!"

அவள் பையைக் கிண்டிப் பெட்டியை வெளியே இழுத்து, நிறுத்துகிற பொத்தானைத் தேடி எதையோ அமத்தினாள். மாடு கத்தியது. இன்னொன்றை அமத்தினாள். சேவல் கூவியது. கதவு திறந்து பிள்ளைகள் எல்லோரும் வெளியே வந்து சூழ்ந்துகொண்டார்கள். உல்றிக்கேயும் பின்னால் வந்து நின்றாள். களவும் கையுமாகப் பிடிபட்ட பேர்பெச்சுவா நிலத்தைப் பார்த்தாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜெனிற்றா வந்தாள். தாயின் கையிலிருந்து பெட்டியை வாங்கி, இரு கையாலும் முகத்துக்கு நேரே பிடித்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, தெளிந்த ஜெர்மனில் அதை ஏசினாள்.

"டு ஹஸ்ற் ஊர்லவுப்! ஷ்லாஃப் யெற்ஸ்ற்!"

உனக்கு விடுமுறை, இப்போது நித்திரை கொள். ரிக்கற் கிழித்த பையன், "இவளுக்குப் பேசத் தெரியுமா!" என்று ஜெர்மனில் கத்தினான்.

"பிள்ளை நித்திரை கொள்ளுது, சத்தம் போடாதே" என்று ஜெனிற்றாவிடமிருந்து அவனுக்கும் அதே மொழியில் விழுந்தது. பெட்டியைத் துவாயில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு ஜெனிற்றா முன்னால் நடக்க, மற்றவர்கள் நுனிக்காலில் பின்னால் போனார்கள்.

உல்றிக்கே வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், கண் கலங்கியிருந்தது. பேர்பெச்சுவாவுக்குக் கால் தரையில் இல்லை. இந்தச் சொற்கள் இத்தனை நாளும் இந்தச் சின்ன உடம்புக்குள் எந்த மூலையில் இருந்தன? பெட்டி எத்தனையோ கேட்டது, பிள்ளை அமத்தினாள். பிள்ளை வாய் திறக்கவேண்டிய ஒரு வேலையும் அதில் இருக்கவில்லை என்பது தாய்க்கு அப்போதுதான் பிடிபட்டது.

பெட்டியைப் படுக்கவைத்துவிட்டு, போர்வையைத் தூக்கி ஜெனிற்றா தலையை நீட்டினாள்.

"அம்மா, கொம். ஷ்பீல் மிற் மியர்."

வாங்கிய நாளிலிருந்து அலுமாரிக்குள் இருந்து அந்தப் பெட்டி கூப்பிட்ட கூப்பாடு அது. இந்தா, சமைச்சுப்போட்டு வாறன், இந்தா, துவைச்சுப்போட்டு வாறன் என்று சொல்லி ஒருநாளும் பேர்பெச்சுவா பிள்ளையோடு விளையாடப் போனதில்லை.

எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிழையோ சரியோ, அவ்வளவு பேருக்கும் முன்னால் உரத்துச் சொன்னாள்.

"யா. இஷ் கொம்மெ."

வாறன் என்று சொன்னவள், குளிர்கோட்டோடும் கைப்பையோடும் முழங்காலில் இறங்கி, மேசைக்கு அடியில் புகுந்தாள்.