சாப்பிட்ட பிறகு அரை மணி

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் கேக் டப்பா காலியாக இருந்தது. க்ளெனிஸ் மூடியைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் மறுபடி மூடி வைத்தாள். சமையலறை வாசலில் நின்றிருந்த டேரலுக்கு, அவள் கத்தித் தொலைத்திருந்தால் தேவலை என்று இருந்தது. மற்ற ஆட்கள் எல்லோரும் ஃபுட்பால் பார்க்க டவுனுக்குப் போயிருந்தார்கள். பண்ணையில் மிஞ்சியிருந்தது ஆட்டு ரோமம் கத்தரிக்க வந்த அவனும், கத்தரிப்புக்காரர்களுக்குச் சமைக்க வந்த அவளும்தான். எலி மேல் பழி போடவும் வழியில்லை. போன வாரம் அவள் வைத்த பொறியில் ஒன்றும் சிக்கவில்லை.

"உக்காரு. இந்த உருளைக்கிழங்கைத் தோல் சீவு" என்றாள்.

உட்கார்ந்தான். அவனுக்கு முப்பத்திரண்டு வயது. கொட்டகையில் அவன் கைக்கு நல்ல பெயர் உண்டு. நாள் முழுக்க இடுப்பை வளைத்து ஆட்டின் மேல் குனிந்தே நிற்கிற வேலை; தொப்பை இடித்தால் மூச்சு முட்டும். நாலு வருஷத்துக்கு முன்பு பக்கத்து இடத்தில் கத்தரிக்கும் நெவில், "உன் தொப்பைக்குத் தனியா ஒரு ஆள் சம்பளம் கேக்கணும் மாப்ள" என்றான். சும்மா விளையாட்டுக்குத்தான். டேரல் அன்றைக்கே சாப்பாட்டைக் குறைத்தான். முதலில் ரொட்டி, பிறகு கறி. அடக்கி வைத்த பசி ஒருநாள் உடைத்துக்கொண்டு வந்தது. கண்ணில் பட்டதையெல்லாம் தின்றான். தின்ற வெட்கம் தாங்காமல் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். அன்றோடு முடிந்தது என்று நினைத்தான். முடியவில்லை.

வேறு இடமாக இருந்தால் யாராவது என்ன ஏது என்று கேட்டிருப்பார்கள். கத்தரிப்புக் கொட்டகையில் தொட்டிக்குப் பின்னால் வாந்தி எடுக்கிறவனை யாரும் கேட்பதில்லை. முந்தின நாள் பியர் என்று சிரித்துவிட்டுப் போவார்கள். "என்ன மாப்ள, செடிக்கு உரம் போட்டாச்சா?" என்பான் நெவில். டேரலும் சேர்ந்து சிரிப்பான். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் நாலு வருஷம் சௌகரியமாக ஒளிந்துகொள்ள முடிந்தது.

"நானும் தண்ணின்னுதான் நெனச்சேன்" என்றாள் க்ளெனிஸ், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரெண்டு வாரமா காலையில உனக்கு மட்டும் தக்காளி ஜூஸ் வெச்சேனே, எதுக்குன்னு நெனச்சே? போதை தெளியத்தான். முந்தாநேத்துதான் எனக்கு உறைச்சுது. நீ பியர் டின்னக் கையில எடுத்தே நான் பாத்ததில்ல. நல்ல மூளை எனக்கு."

டேரல் சீவிய கிழங்கையே திரும்பச் சீவிக்கொண்டிருந்தான்.

"கேக்கைப் பத்தி நான் கேக்கல. இன்னொண்ணு சுட்டா ஆச்சு. நீ சாப்ட்ட ஒடனே எந்திரிச்சுப் போறே. வரும்போது கன்னம் வீங்கியிருக்கு. வியாழக்கெழம கால் இழுத்துக்கிட்டு ஆட்டு மேலயே விழுந்தே. இது என்னன்னு எனக்குத் தெரியல. டாக்டருக்குத் தெரியும்."

"இதெல்லாம் ஸ்கூல்ல படிக்கற பொண்ணுங்களுக்கு வர்றது, க்ளெனிஸ்."

"அப்ப உனக்கே பேரு தெரிஞ்சிருக்கு."

அவன் கை நின்றது.

"வெளிய தெரிஞ்சா என் இடம் போயிடும்" என்றான்.

"செத்து விழுந்தாலும்தான் போயிடும். நாளைக்கு மாவு வாங்கப் போறேன். மூட்டை தூக்க ஆள் வேணும்னு கான்ட்ராக்டர்கிட்ட சொல்லிக்கறேன். வரியா?"

நாலு வருஷமாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தோமோ என்று அவனுக்குத் தோன்றியது. தலையை ஆட்டினான்.

டவுனில் டாக்டரம்மா முட்டி வலியைப் பற்றிக் கேட்பதுபோல எல்லாவற்றையும் கேட்டாள். முகம் சுளிக்கவில்லை. வாந்தி எடுத்து எடுத்து, ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு ரொம்ப இறங்கியிருந்தது. இப்படியே விட்டிருந்தால் இதயத்தில் போய் முடிந்திருக்கும் என்றாள். மருந்து கொடுத்தாள். வாரம் ஒருமுறை போனில் பேச ஒருவரை ஏற்பாடு செய்தாள். உப்பு ஏறும்வரை கத்தரியைத் தொடக்கூடாது. வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் தனியாக இருக்கக்கூடாது.

திரும்பி வந்ததும், கத்தரிப்பு ஆட்களை வேலைக்குக் கூட்டி வந்த கான்ட்ராக்டரிடம் அவனே போய், உடம்பு சரியில்லை என்றான். திட்டு விழும் என்று நின்றான். "சரியாயிட்டு வா. உன் இடத்துல வேற ஆளப் போட மாட்டேன்" என்றார் அவர்.

டாக்டரம்மா போட்ட நிபந்தனையை அவன் சொன்னதும், "அரை மணி நேரமா?" என்றாள் க்ளெனிஸ். "தட்டு துடைக்க ஆளில்லாம நான் அல்லாடறேன்."

அன்று சாயங்காலம் சாப்பாடு முடிந்ததும் அவன் கால் வெளியே போகத்தான் துடித்தது. வயிறு கல்லாகக் கனத்தது. அவள் ஈரத் தட்டுகளை ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டே, முதல் புருஷன் வாங்கிய ஓடாத காரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கதவு திறந்து நெவில் எட்டிப் பார்த்தான்.

"என்ன மாப்ள, உத்தியோகம் மாறிடுச்சு?"

டேரல் இந்த முறை சிரிக்கவில்லை. "உடம்பு சரியில்லடா. சாப்ட்டா தனியா இருக்கக்கூடாதாம்."

நெவில் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தான். பிறகு ஆணியில் தொங்கிய துணியை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நின்றான். நெவிலுக்குத் தட்டைத் துடைக்கத் தெரியவில்லை. தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து தரையெல்லாம் சொட்டியது. டேரல் அந்தத் தட்டை அவன் கையிலிருந்து வாங்கி, இன்னொரு முறை துடைத்து, அடுக்கின் மேல் வைத்தான்.