மூன்றாவது சண்டை

நவம்பர் 11, செவ்வாய்

இன்று வகுப்பில், ஒரே காட்சியைப் பலமுறை எடுத்ததில் தவறான டேக்கைப் போட்டுக் காட்டிவிட்டேன். ஒதுக்கிவைக்க வேண்டியதைத் தனி ஃபோல்டருக்கு மாற்றாமல் விட்டிருக்கிறேன். சின்னத் தவறுதான். ஆனால் அதன் பிறகு, என்னோடு வந்திருந்த டோனியின் முகம் சரியாக இல்லை.

எங்கள் மாலைநேர எடிட்டிங் வகுப்பின் கடைசிப் பயிற்சி ஒரு குறும்படம். கதை என்னுடையது: டெல்லியின் காற்று கெடக் கெட ஒரு சூப்பர் ஹீரோவின் பலம் குறைகிறது. மூன்று சண்டைகள். மூன்றாவதில் அவன் தோற்க வேண்டும். ஹீரோ, இங்கே டெல்லி முனிர்காவில் என்னோடு ஒரே அறையில் இருக்கும் டோனி. தூத்துக்குடிக்காரன், பகலில் ஜிம்மில் பயிற்சி கொடுக்கிறான். சண்டைகளையும் அவனே அமைத்தான். தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு எங்கள் மொட்டைமாடியில் எடுத்தோம்.

சிக்கல் என்னவென்றால், டோனி மூன்று சண்டையிலும் ஒரே மாதிரி அழகாக அடிக்கிறான். பலம் போய்விட்டது என்று வசனம் சொல்கிறது, உடம்பு சொல்லவில்லை. நான் எழுதிய கதையிலேயே ஒன்றும் இல்லையோ என்றுகூட நினைத்தேன்.

இன்று ஓடிய டேக்கில், சுழன்று உதைத்து இறங்கும்போது டோனியின் வலது முழங்கால் மடங்குகிறது. விழுகிறான். கையை ஊன்றி எழப் பார்த்து, முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிடுகிறான். படம் எடுத்த அன்று அவனுக்கு உண்மையிலேயே அடிபட்டது. செல்போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். எங்கள் ஆசிரியை ஜ்யோத்ஸ்னா மேடம் படத்தை நிறுத்தினார்.

“அச்சா. இவ்வளவு நேரம் ஸ்டண்ட் பார்த்தேன். இப்பதான் ஒரு ஆளைப் பார்க்கறேன். இதை வெட்டிடாதே.”

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

பஸ்ஸில் திரும்பும்போது டோனி விஷயத்தைச் சொன்னான். சனிக்கிழமை திரையிடலுக்கு மும்பையிலிருந்து ஒரு ஸ்டண்ட் குழுவின் ஆள் வருகிறார். பெரிய சூப்பர் ஹீரோ படத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். மாதக்கணக்கில் போன் செய்து டோனிதான் அவரை வரச் சம்மதிக்க வைத்திருக்கிறான்.

“அந்தாளு கதையையா பாப்பான்? காலைப் பாப்பாம்ல. முட்டி போச்சுன்னு ஒரே பார்வைல தெரிஞ்சிரும்.”

அவன் விழாத நல்ல டேக்கை வைத்தால் படத்தில் உயிர் இருக்காது என்றேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நவம்பர் 13, வியாழன்

நேற்று இரண்டு டேக்கையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். நல்ல டேக்கை எங்கே வெட்டினாலும் நடனம் மாதிரியே இருக்கிறது. வேறு யாராவது எடிட் செய்திருந்தால் ஒரு வழி கண்டுபிடித்திருப்பார்கள்.

கடைசியில் டோனிதான் வழி சொன்னான். தோற்பதற்கென்றே ஒரு சண்டையைப் புதிதாக அமைக்கலாம். மும்பை ஆளுக்கு அது வித்தை என்று தெரியும், எனக்கும் கதை கிடைக்கும் என்றான்.

இன்று காலை, நான் அலுவலகம் கிளம்பும் முன் மாடிக்குப் போனோம். எதிர் மாடியின் தண்ணீர்த் தொட்டி புகையில் பாதிதான் தெரிந்தது. டோனி நின்ற இடத்திலேயே கைகளால் காட்டினான்: முதல் அடி தாமதமாக விழுகிறது, இரண்டாவது குறி தவறுகிறது, உதை பாதியில் நிற்கிறது. நான் எழுதிய வசனங்கள் எதுவும் தேவையில்லை என்று தோன்றியது.

கேமராவை ஓடவிட்டேன். முகமூடி மாட்டிக்கொண்டு இரண்டடி ஓடிவந்தான். காலைத் தூக்கும் முன்பே கீழே கிடந்தான். கையை ஊன்றினான், தலையைத் தொங்கப்போட்டான். எவ்வளவு நன்றாகச் செய்கிறான் என்று நினைத்துக்கொண்டு நான் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

அவன் முகமூடியைக் கழற்றினான். “ஏல, நிறுத்துல. இது நடிப்பு இல்ல.”

படியில் உட்காரவைத்துப் பார்த்தேன். முட்டி வீங்கியிருந்தது. படம் எடுத்த அன்றிலிருந்து ஜிம்மில் யாருக்கும் தெரியாமல் கட்டுப் போட்டுக்கொண்டு வேலை செய்திருக்கிறான். பிறகு சொன்னான்:

“அந்தாள வர வேண்டாம்னு நானே சொல்லிருதேன். நீ மேடம் சொன்னதையே வையி. படமாவது நல்லா இருக்கட்டும்.”

இன்று காலை எடுத்ததை அழித்துவிட்டேன். மாலை வகுப்பில், அவன் விழும் பழைய டேக்கை மூன்றாவது சண்டையின் கடைசியில் வைத்தேன். மேடம் நன்றாக இருக்கிறது என்றார். அந்த இடம் வந்தபோது நான் ஒலியளவைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

நாளை: அலுவலகத்தில் அரைநாள் விடுப்புச் சொல்ல வேண்டும். காலையில் டோனியை ஆட்டோவில் அரசு மருத்துவமனையின் எலும்புப் பிரிவுக்கு அழைத்துப்போக வேண்டும்.