அமைச்சருக்கு வைத்த தலை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைத் தங்கையின் அனுமதி இல்லாமல் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி. அடுத்த அறையில் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, சாப்பாட்டு மேசையில் அவள் ஓர் அமைச்சரைத் தூக்குமேடைக்கு நடத்திக்கொண்டிருக்கிறாள். "நீ மூச்சு விட்டாலே குதிரை விழுது, வெளிய போ" என்று என்னைத் துரத்திவிட்டாள். கை சும்மா இருக்காதே, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பொம்மைகளை வைத்து வரலாற்றைக் கிண்டல் செய்து வீடியோ போடுவது எங்கள் பொழுதுபோக்கு. எழுதுவதும் பேசுவதும் நான். பொம்மையை நகர்த்துவது அவள். ஒரு நகர்த்தல், ஒரு படம், மறுபடி ஒரு நகர்த்தல். பட்டத்து யானையாக நடிப்பது காகிதத் துதிக்கை ஒட்டிய டைனோசர். ஒரு பொம்மை மேசையைக் கடக்க நாற்பது படம் வேண்டும். (இந்த நாற்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதாசிரியன் காரணமில்லாமல் எண் சொல்ல மாட்டான்.)

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்: சிரிப்பு எங்களுடையது, சாவு வரலாற்றினுடையது. புத்தகத்தில் செத்தவன் எங்கள் மேசையிலும் செத்தாக வேண்டும்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "கோட்டைக் கதவு திறந்த சத்தம் கேட்டு ராஜா* கண்விழித்தபோது..."

வேண்டாம். ஊரில் பாதிக் கதைகள் யாராவது கண்விழித்துத்தான் தொடங்குகின்றன.

இரண்டாம் முயற்சி: "பல்செட் செய்கிறவளின் விரல்களுக்கு..."

இது தேவலாம். தங்கைக்குப் பல்செட் செய்யும் இடத்தில் வேலை. எதிரிக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்ட அமைச்சரின் பொம்மைக்குப் போன வாரம் தலை உடைந்தது. (டைனோசர் மேலே விழுந்தது. இது வரலாற்றில் இல்லை.) வேலையிடத்தில் மிஞ்சிய மெழுகில், சாப்பாட்டு இடைவேளையில், பட்டாணி அளவுக்கு ஒரு புதுத் தலை செய்து எடுத்துவந்தாள்.

பார்த்ததும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னடி, மாமா மூஞ்சிய வச்சிருக்க?"

"யாரு வச்சா? இது அமைச்சர்."

"அந்தத் தாடைய பாரு."

பார்த்தாள். முகம் மாறியது. "போன மாசம்தான் மாமாவுக்குப் பல்செட் செஞ்சேன். கை தானா அங்க போயிடுச்சு போல. வேணும்னு செய்யலண்ணா."

வேறு தலை செய்ய நேரமில்லை. அதே தலையோடு முதல் பாகத்தைப் போட்டோம், தூக்கு அடுத்த பாகத்தில். அமைச்சர் குதிரையிலிருந்து விழும் இடத்தில் பார்த்தவர்கள் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்களாம்.

* பெயர் சொல்ல மாட்டேன். போன தடவை ஒரு ராஜாவின் பெயரைச் சொன்னதற்கு, இரண்டு தரப்பு அபிமானிகளும் வீடியோவுக்குக் கீழே போருக்கு வந்துவிட்டார்கள்.

3

["மாமா நல்லவர்" என்று எழுதி அடித்தேன். "மாமா துரோகி" என்று எழுதி அதையும் அடித்தேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.]

பதினாலு வருடத்துக்கு முன் தங்கைக்கு வெளியூரில் சிற்பம் படிக்க இடம் கிடைத்தது. அப்பா விட மாட்டார். சொல்லாமல் கிளம்புவதென்று முடிவு செய்து, ஒரே ஒருவரிடம் மட்டும் சொன்னாள், அம்மாவின் தம்பியிடம். விடிகாலையில் பெட்டியோடு வந்தால், வாசற்கதவருகே அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அதோடு சிற்பம் போயிற்று, பல் வந்தது. மாமா ஏன் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பல்செட் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்த அன்றுகூட "வாயத் தொறங்க", "மூடுங்க" தவிர வேறு பேச்சில்லை.

(அப்பா இப்போது இல்லை. இருந்திருந்தால் இந்தப் பகுதிக்காக நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன்.)

4

இன்று காலை மாமா வந்தார். எங்கள் வீடியோ ஒன்றுவிடாமல் பார்ப்பவர், படம் எடுப்பதைப் பார்த்ததில்லை. நேராக மேசைக்குப் போய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அமைச்சரைக் கையில் எடுத்தார். பேச்சை மாற்ற நான் டைனோசரைக் காட்டினேன். பலிக்கவில்லை.

"இவன் நான்தானே?"

தங்கை விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தாள். "ஆமா."

"கதவ ஏன் தொறந்தானாம்?"

"புத்தகத்துல இல்ல மாமா," என்றேன். "தூக்குல போட்டாங்கன்னு மட்டும்தான் இருக்கு."

"அவன்கிட்ட ஒருத்தரும் கேக்கலயா?"

தங்கை மைக்கை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இப்ப நான் கேக்கறேன். சொல்லுங்க. அமைச்சராவே சொன்னாலும் சரி." என் பக்கம் திரும்பினாள். "நீ கொஞ்சம் வெளிய இருண்ணா."

என்னை! இந்தக் கதையின் ஆசிரியனை!

5

ஒட்டுக்கேட்டேன். வெட்கமெல்லாம் இல்லை, தொழில். ஆனால் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மாமா வெளியே வந்தார், என் தோளைத் தட்டினார், செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். பதிவு ஒரு நிமிடம் பதினோரு விநாடி. தங்கை எனக்குப் போட்டுக்காட்ட மறுத்துவிட்டாள். நானே எழுதிப் பார்த்தேன்.

அ) "பயந்துட்டேன்மா. தனியா எப்படி இருப்பேன்னு..."

ஆ) "உங்கப்பா நேரா கேட்டாரு. அவர் முன்னாடி எனக்குப் பொய் வராது."

இ) "நீயும் போயிட்டா இந்த வீட்டுல என்கூடப் பேச யாரு..."

மூன்றும் நன்றாக வந்திருக்கின்றன. நான் எழுதினால் எந்தக் காரணமும் நன்றாகத்தான் வரும். அதனாலேயே மூன்றையும் நான் நம்பவில்லை.

6

சுபமான முடிவு: அமைச்சருக்கு மன்னிப்பு. எங்கள் சட்டம் இடம் கொடுக்காது.

சோகமான முடிவு: நாற்பது படத்தில் அமைச்சர் மேசையைக் கடந்து, என் பழைய ஷூ கயிற்றில்...

இந்த வாக்கியத்தை முடிப்பதற்குமுன் சரிபார்த்துவிடலாம் என்று கதவை லேசாகத் திறந்தேன்.

"தூக்கு உண்டுதானே?"

"உண்டு. சட்டம் சட்டம்தான்."

"எத்தன படம் ஆச்சு?"

திரும்பாமலே சொன்னாள். "நானூத்திப் பன்னெண்டு."

எட்டிப் பார்த்தேன். அமைச்சர் மேசையில் பாதி தூரம்கூடப் போகவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் மயிரிழை அளவுதான் நகர்த்துகிறாள். மெழுகுத் தலை உருகிவிடாமலிருக்க, படம் எடுத்தவுடன் விளக்கை அணைக்கிறாள். ஒரு காதில் ஹெட்போன். ஒரு நிமிடம் பதினோரு விநாடி ஓடி முடிந்ததும், மறுபடி முதலிலிருந்து போடுகிறாள்.

இதற்குமேல் முடிவு எழுத எனக்குத் தெரியாமல் இல்லை. மேடை தயார், கயிறு தயார். ஆனால் அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் கை என்னுடையது இல்லை. இன்னும் எத்தனை படம் என்பதை உங்களிடமே விடுகிறேன். ஒரு எண் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள், குதிரை விழுந்துவிடும்.