முப்பத்தொரு பல்

1.
இந்தக் கதை ஒரு பிளாஸ்டிக் பையால் வந்தது. சரியாகச் சொன்னால், வராத பையால். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் எதை மாற்றினாலும் பழைய சாமானைப் பையில் போட்டுக் கையில் கொடுப்பார்கள். மாற்றியதற்கு அதுதான் சாட்சி. என் கணவர் குணாளன் பாலிக் புலாவ் மலையில் டுரியான் பழத் தோட்டத்தில் ஃபோர்வீல் வண்டி ஓட்டுகிறார். பின் ஆக்சல் தண்டை மாற்றியாயிற்று என்று வந்து சொன்னார். பை எங்கே?

2.
முதல் தொடக்கம்: "மெக்கானிக் தயாளன் ஒரு மோச—" வேண்டாம். எடுத்த எடுப்பிலேயே வில்லன் என்றால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

இரண்டாவது: "ஆயர் ஈத்தாமில் பட்டறை வைத்திருக்கும் தயாளன், 'நல்ல வேல செஞ்சிருக்கேன்க்கா, தண்ணிமல முருகன் மேல சத்தியம்' என்றான்." இது நடந்தது. நான் கேட்கவே இல்லை. கேட்காத சத்தியத்தை எவள் நம்புவாள்?

(கொஞ்சம் இயந்திரம். எஞ்சினின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது அந்தத் தண்டு. பழையதன் உள்முனையில் இருபத்தெட்டுப் பல்; தடித்த புதியதில் முப்பத்தொன்று. எங்கள் வண்டியில் தண்டு முறிந்தால் சக்கரமே கழன்றுவிடும். பின்னால் பழம் பொறுக்கும் ஆறு பேர் உட்கார்ந்து வருகிறார்கள். அலுப்பாக இருந்தால் தாண்டிப் போங்கள். என்னால் முடியாது.)

3.
"பல்ல எண்ணிப் பாத்தீங்களா?"

"அடப் போ ரமணி! தயாளன் என் கூட்டாளிலா. அவன் மேலயே சந்தேகமா?" குணாளன் டயரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். புது டயர், என் இடுப்பு உயரம்.

[தயாளன் திருடனாக இருந்தால் என் கதைக்கு வசதி. இதையும் ஒப்புக்கொள்கிறேன்.]

4.
இன்று காலை பட்டறைக்கே போனேன்.

"தயாளா, பழைய தண்டு எங்க?"

"வண்டியிலதான்க்கா இருக்கு." தலையைச் சொறிந்தான். "அண்ணேதான் வேணாம்னாரு. டயர பெருசாக்கு, பின்சக்கரம் ரெண்டும் சேந்து சுத்த லாக்கர் போடு, போதும்னாரு. உள்ள இருக்குற தண்ட யாரு பாக்கப் போறான்னு கேட்டாரு. ஒங்ககிட்ட சொல்லாதன்னாரு."

"தாங்குமா?"

"மேட்டுல ஆள் பாரத்தோடயா? எத்தனயோ சொல்லிப் பாத்தேன்க்கா. கேக்கல."

பெரிய டயரும் லாக்கரும் பிடியைக் கூட்டும். கூடிய பிடி முழுக்கப் பழைய தண்டின் தலையில்தான் விழும். பலப்படுத்துகிறேன் என்று முறிவதற்கு வழி செய்து வைத்திருக்கிறார், மனுஷன்!

என் வில்லன் கை நழுவிப் போனான். பதினெட்டு வருஷம் என்னோடு வாழ்கிறவர்மேல் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை— இந்த வாக்கியத்தை முடிக்க மனமில்லை.

5.
பட்டறை வாசலிலிருந்தே குணாளனைப் போனில் கூப்பிட்டேன். "தண்டு புதுசா?"

"புதுசுதான்லா. எத்தன தடவ கேப்ப?" பின்னால் ஆட்களின் சிரிப்புச் சத்தம்.

"தயாளன் எல்லாத்தையும் சொல்லிட்டான். மொதல்ல ஆளுங்கள எறக்கி விடுங்க!"

குரலைத் தாழ்த்தினார். "எல்லார் முன்னாலயும் மானத்த வாங்காத. மேட்டுக்கு இன்னும் பத்து நிமிஷம்தான். ஏறிட்டுப் பேசறேன்." வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை.

முடிவு அ: தண்டு தாங்குகிறது. ராத்திரி சோற்றில் கை வைத்தபடி என்னைக் கேலி செய்கிறார்.

முடிவு ஆ: (எழுதமாட்டேன்.)

முடிவு இ: பழம் பொறுக்குகிறவர்களில் மூத்தவர் பிச்சைமுத்து. அவருடைய நம்பர் என்னிடம் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் ஆறு பேரும் இறங்கி நடப்பார்கள். குணாளன் அந்தத் தோட்டத்தில் தலை நிமிர முடியாது. என்னோடு எத்தனை மாதம் பேசமாட்டாரோ. எதுவுமே நடக்காத, சப்பென்ற முடிவு. எனக்கு அதுதான் வேண்டும்.

பிச்சைமுத்துவுக்கு மணி போகிறது. எடுத்துவிட்டார்.

"சொல்லும்மா ரமணி. குணாளன் முன்னாலதான் ஓட்டிக்கிட்டு இருக்காரு. ஸ்பீக்கர்ல போடவா?"

வாசகரே, மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் பேச வேண்டும்.

"போடுங்கண்ணே. எல்லாரும் கேக்கட்டும். என் புருஷன்