நீல நிரல்

தொலைபேசி மணி அடித்தபோது புள்ளியக்கா முன்னுரையில் எழுத்துப்பிழை திருத்திக்கொண்டிருந்தாள். புதன்கிழமை, காலை பதினோரு மணி. நட்சத்திரப் பட்டியல் வெளியாக இன்னும் பன்னிரண்டே நாள்.

அவளுடைய சொந்தப் பெயரை ஆய்வகத்தில் பலர் மறந்தே போயிருந்தார்கள். நாள் முழுக்கத் திரையில் வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பதால் யாரோ புள்ளியக்கா என்று கூப்பிட்டு, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளைவிடப் பத்து வயது மூத்த இயக்குநர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

வேலை இதுதான். ஒரு நட்சத்திரத்தைப் புற ஊதா, நீலம், மஞ்சள், சிவப்பு, அகச்சிவப்பு என ஐந்து வடிகட்டிக் கண்ணாடிகள் வழியாக ஐந்து முறை படமெடுப்பார்கள். ஒவ்வொரு படத்திலும் அது எவ்வளவு பிரகாசம் என்று அவள் அளந்து எழுதுவாள். நீலத்தில் உள்ள அளவுக்கும் மஞ்சளில் உள்ள அளவுக்கும் எத்தனை வித்தியாசமோ, அதுதான் அந்த நட்சத்திரத்தின் நிற எண். அதை வைத்தே அது எவ்வளவு சூடு என்று சொல்லிவிடலாம். பதினோரு வருடத்தில் அறுபத்திரண்டாயிரம் நட்சத்திரங்கள். "இத்தனையையும் எண்ணி என்னதான் பண்ணப்போறே?" என்று உறவுக்காரர்கள் கேட்டால், "மேல இருக்கிறவங்களுக்கெல்லாம் அடையாள அட்டை போட்டுட்டிருக்கேன்" என்பாள்.

கூப்பிட்டது வேறொரு ஊரில் இருக்கும் ஆய்வாளர். பார்வைக்கு அனுப்பியிருந்த பிரதியைப் படித்திருந்தார். நல்ல மரியாதையாகத்தான் பேசினார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க மேடம். நான் இருபது வருஷமா ஒரு சிவப்பு நட்சத்திரத்தைப் பார்த்துட்டு வர்றேன். உங்க பட்டியல்ல அது அவ்வளவு சிவப்பா இல்லையே?"

"எந்த வருஷத்துப் படம்னு பார்த்தீங்களா?"

"போன வருஷத்துது. நாலஞ்சு வருஷம் முன்னாடி எடுத்தது சரியாத்தான் இருக்கு."

வானிலை, ஈரப்பதம் என்று ஏதோ சமாதானம் சொல்லிவிட்டு அவள் தொலைபேசியை வைத்தாள். உடனே, வருடந்தோறும் திரும்ப அளந்துவந்த மிகச் சிவப்பான நட்சத்திரங்களில் நாற்பதை மட்டும் தனியே எடுத்து வருட வரிசையில் அடுக்கிப் பார்த்தாள். எட்டு வருடம் அசையாமல் நின்ற எண்கள், ஒன்பதாவது வருடத்திலிருந்து கீழே சரிந்துகொண்டே வந்தன. நாற்பதும் ஒரே மாதிரி. நாற்பது நட்சத்திரங்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்டா நிறம் மாறும்?

முதலில் தன் கணக்கைத்தான் சந்தேகப்பட்டாள். கணினி நிரலை வரிவரியாகச் சோதித்தாள், தப்பு இல்லை. அடுத்து கேமரா. அதிலும் தப்பு இல்லை. வெள்ளிக்கிழமை நீலக் கண்ணாடியை, ஐந்து கண்ணாடிகளையும் தாங்கும் வடிகட்டிச் சக்கரத்திலிருந்து கழற்றி ஒளிச்சோதனைக்குக் கொடுத்தாள். நீலத்தை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்க வேண்டிய கண்ணாடி, சிவப்பு ஒளியையும் கொஞ்சம் கசியவிட்டுக்கொண்டிருந்தது. நூற்றுக்கு மூன்று பங்குதான். நீல ஒளி மிகக் குறைவான சிவப்பு நட்சத்திரத்துக்கு அந்த மூன்று போதும், அதன் நிறமே பொய்யாகிவிட.

"விளிம்புல இருக்கிற பசை கரைஞ்சிருக்கு" என்றார் சோதனை செய்தவர். "அது வழியா ஈரம் போயிருக்கு. மேல்பூச்சு கொஞ்சம் கொஞ்சமா கெட்டிருக்கு. யாரோ ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிருக்காங்க."

பராமரிப்புப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினாள். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை: 'வடிகட்டிச் சக்கரம் சுத்தம் செய்யப்பட்டது.' அந்தக் குண்டு குண்டான கையெழுத்தை, எழுதியவன் இரண்டாம் வகுப்பு படித்தபோதிலிருந்தே அவளுக்குத் தெரியும். ஆய்வகத்தின் மெக்கானிக் அவள் சொந்தத் தம்பி. வேலைக்குச் சிபாரிசு செய்ததும் அவள்தான்.

பட்டறையில் அவன் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"மூணு வருஷம் முன்னாடி சக்கரத்தைச் சுத்தம் பண்ணினியே, எதைப் போட்டுத் துடைச்சே?"

"எல்லாத்தையும் பிரஷ்ஷாலதான் தட்டினேன். அந்த நீலத்துல மட்டும் ஓரமா பூஞ்சை மாதிரி இருந்துச்சு. ஸ்பிரிட் போட்டு நல்லாத் தேய்ச்சேன்." அவன் முகம் மலர்ந்தது. "நீகூட வந்து பார்த்துட்டு, கண்ணாடி பளபளன்னு இருக்குடான்னு சொன்னியே."

அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொன்னாள்தான். அவனுக்கு டீ வாங்கிக்கொடுத்தாள். எதைப் போட்டுத் துடைத்தாய் என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

விஷயத்தைச் சொன்னாள். அவன் கையிலிருந்த திருகாணியைக் கீழே வைத்தான்.

"எத்தனைக்கா?"

"இந்த மூணு வருஷத்துல மட்டும் எடுத்த இருபத்துமூவாயிரம்."

"மறுபடி எடுத்துடலாமே? நான் லீவு போட்டுட்டு வந்து கூடவே இருக்கேன். ராத்திரி பகல் பார்க்க மாட்டேன்."

"தொலைநோக்கியை அடுத்த மாசத்திலிருந்து வேற குழுவுக்குக் கொடுத்தாச்சுடா. நம்ம கேமராவைக் கழற்றப்போறாங்க."

"அப்ப நான் என்ன பண்ணட்டும், சொல்லு. ஏதாவது சொல்லுக்கா."

அவன் கீழே வைத்த திருகாணியை எடுத்து அவன் பெட்டியில் போட்டுவிட்டு அவள் வெளியே வந்தாள். திட்டவாவது செய்திருக்கலாம்.

அடுத்த ஆறு நாளும் அவள் கசிவைக் கணக்கிட்டுக் கழித்துவிட முடியுமா என்று பார்த்தாள். கண்ணாடி இன்றைக்கு எவ்வளவு கசிகிறது என்று தெரியும். போன மழைக்காலத்தில் எவ்வளவு? அதற்கு முந்தைய கோடையில்? தெரியாது. தெரிந்த நட்சத்திரங்களை வைத்து ஒரு திருத்தம் போட்டாள். நடுத்தரமான நட்சத்திரங்களுக்குப் பொருந்தியது. ஆனால் அவற்றுக்குத் திருத்தமே பெரிதாகத் தேவையில்லை. மிகச் சிவப்பானவற்றுக்குப் போட்டால் ஒன்று இந்தப் பக்கம் இழுத்தது, இன்னொன்று அந்தப் பக்கம். ஐந்தாவது நாள் சாயங்காலம் எண்கள் அழகாக ஒரே கோட்டில் வந்து நின்றன. எழுந்து நின்று பார்த்தாள். பிறகுதான் புரிந்தது, வர வேண்டிய பழைய எண்களையே திருத்தத்துக்குள் போட்டு, விடையைக் கேள்விக்குள்ளேயே கலந்துவிட்டிருந்தாள். அழித்தாள்.

ஏழாவது நாள் காலை இயக்குநர் அறைக்குப் போனாள். பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"உட்காருங்க புள்ளியக்கா. உங்க தம்பி நேத்தே வந்து எல்லாத்தையும் சொல்லிட்டார்" என்றார் அவர். "வேலையை விட்டுடறேன்னார். நான் வேண்டாம்னுட்டேன். எதைப் போட்டுத் துடைக்கணும்னு அவருக்கு எழுதிக் கொடுக்காதது யார்? நான்தானே?"

"நானும் கேட்கலை சார்."

"சரி, யாரைத் தேடி என்ன ஆகப்போகுது? அந்த மூணு வருஷத்து நீல அளவை மட்டும் எடுத்துடுங்க. மத்த நாலும் இருக்கட்டும்."

"நீலம் போனா நிற எண் போச்சு சார். இருபத்துமூவாயிரத்துக்கு வெறும் பிரகாசம்தான் மிஞ்சும்."

"மஞ்சளும் சிவப்பும் இருக்கே, ஏதோ கொஞ்சம் சொல்லலாம். வேற வழி இருந்தா சொல்லுங்க, தேதியைத் தள்ளி வைக்கிறேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் எதிர்த்துப் பேச ஒரு பிடியாவது கிடைத்திருக்கும். அவர் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார். குடித்துவிட்டு எழுந்தாள்.

அளவுகளை நீக்க ஒரே ஒரு கட்டளை. எட்டு வினாடிகூட ஆகவில்லை. நீல நிரல் முழுக்க, எண்கள் இருந்த இடத்தில் மேலிருந்து கீழே சின்னச் சின்னக் கோடுகள். இன்னும் ஏதோ செய்ய வேண்டும்போல் இருந்தது, செய்ய ஒன்றும் இல்லை. முன்னுரையில் ஒரு பத்தி சேர்த்தாள்: 'பிற்கால நீல அளவீடுகள், வடிகட்டியில் ஏற்பட்ட குறைபாட்டால் விலக்கப்பட்டுள்ளன.' யார், எப்படி என்று சொல்லாத வாக்கியம்.

பட்டியல் சொன்ன தேதியில் வெளிவந்தது. கூட்டத்தில் கைதட்டினார்கள். அந்த ஆய்வாளரும் கூப்பிட்டு நன்றி சொன்னார். "நேர்மையா எடுத்துட்டீங்க மேடம், யார் செய்வாங்க!" அவள் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டாள்.

தம்பி தானாகவே எழுதிக் கேட்டுத் தண்ணீர்ப் பம்புப் பிரிவுக்கு மாறிக்கொண்டான். அக்காவும் தம்பியும் குடியிருப்பது ஒரே வீடு. அவன் குடும்பம் மேல் மாடியில். முன்பெல்லாம் வேலை முடிந்ததும் கீழே வந்து, இன்றைக்கு எத்தனை புள்ளி என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போவான். இப்போது நேராக மாடிப்படி ஏறிவிடுகிறான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். அவன் மூக்குக்கண்ணாடி முழுக்க விரல் ரேகையும் தூசியும் அப்பிக் கிடந்தது.

"இப்படித்தான் மதனி, ஒரு மாசமா துடைக்கிறதே இல்லை. நான் துடைச்சாலும் சண்டை" என்றாள் அவன் மனைவி.

"இங்க கொடுடா" என்று புள்ளியக்கா கையை நீட்டினாள்.

"இருக்கட்டும்க்கா. நல்லாத்தான் தெரியுது."

கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே இருந்தாள். அவன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பிறகு அந்தக் கையாலேயே குழம்புக் கரண்டியை எடுத்து, அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.