மூன்றாவது புகைச் சோதனை

வேதியியல் வாத்தியாருக்குத் தெரியாத எரிதல் உலகத்தில் இல்லை. பத்தொன்பது வருடமாக அதைத்தான் கரும்பலகையில் எழுதி அழிக்கிறார். மனைவியின் கிழட்டுக் கார் புகைச் சோதனையில் முதல்முறை தோற்றபோது, "பெட்ரோல் அதிகம், காத்து கம்மி. இதுக்குப் போய் மெக்கானிக்கா?" என்றார். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

மனைவி வீடு வீடாகப் போய்ப் பக்கவாத நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுப்பவள். கார் இல்லாவிட்டால் பாதி வீடுகளுக்குப் போக முடியாது. மூன்றாம் முறையும் தோற்றால் வண்டி உடைப்புக்குத்தான் என்று சோதனை நிலையத்தில் எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

"நான் ஓட்டும்போது ஒழுங்காத்தானே ஓடுது?" என்றாள் அவள்.

"புகையெல்லாம் கண்ணுக்குத் தெரியாதும்மா," என்று அவளுக்கும் பாடம் எடுத்தார்.

ஏர் ஃபில்டரை மாற்றினார். பிளக் நான்கையும் மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துப் பூட்டினார். ஒரு திருகு மிஞ்சியது. கழற்றிய எதையும் எறியவில்லை, ஆதாரமாம். வண்டிக் காகிதங்களும் செங்கல் கனத்துப் பாடப்புத்தகமும் கிடந்த துணிப்பையில் அவையும் ஏறின. மூன்றைத் தாண்டக் கூடாத புகை அளவு முதல்முறை ஐந்து காட்டியது, இரண்டாம் முறை ஏழு. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று தேற்றிக்கொண்டார். இவரை ஆனை என்று யார் சொன்னார்களோ!

மூன்றாவது சோதனைக்கு மனைவியும் வந்தாள். வாத்தியார் ஏறி உட்கார்ந்து, வழக்கம்போலப் பையை ஸ்டீயரிங்குக்குக் கீழே மாட்டிவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தார். கருவியில் எண் ஆறு, ஏழு, எட்டு என்று ஏறியது. இவள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

சோதனைக்காரர் பதிவு செய்யாமல் கதவருகே வந்து குனிந்தார். "சார், பையை எதுல மாட்டியிருக்கீங்க?"

"கொக்கியில."

"அது சோக் சார்."

குளிரில் வண்டியைக் கிளப்புவதற்காகக் காற்றை அடைக்கும் குமிழ் அது. பை கனக்கக் கனக்க அது வெளியே வந்திருக்கிறது, இஞ்சின் மூச்சுக்குத் திணறியிருக்கிறது.

"வண்டியில பை இருந்தா நான் பின் சீட்டுல தூக்கிப் போட்டுருவேன்," என்றாள் மனைவி. "குமிழையும் உள்ள தள்ளிருவேன். நீங்க எங்க கேட்டீங்க?"

பையை எடுத்துக் குமிழைத் தள்ளியதும் எண் இரண்டுக்கு இறங்கி நின்றது. வாத்தியாருக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷமா அவமானமா என்று அவருக்கே தெரியவில்லை.

சோதனைக்காரர் படிவத்தை நீட்டினார். இரண்டு முறை தோற்ற வண்டிக்கு 'பழுதின் காரணம்' எழுதியாக வேண்டும். வாத்தியார் நாலு வரிக்கு நல்ல வேதியியல் யோசித்து வைத்திருந்தார். மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவைத் திறந்து, "உரிமையாளரின் கணவர்" என்று எழுதினார்.

அவள் வாங்கிப் படித்தாள். ஓர் எழுத்தும் திருத்தாமல் கீழே கையெழுத்துப் போட்டாள்.