நடந்து வந்த சன்னம்

2003ஆம் ஆண்டு நவம்பரில், லவால் நகருக்கு வடக்கே ஒரு காட்டில் கிறகரி சுட்ட சன்னம் ஆள் நடக்கிற வேகத்தில்தான் போனது. துப்பாக்கி வெடித்தது, தோளில் உதைத்தது, புகை வந்தது, எல்லாம் முறைப்படி. சன்னம் மட்டும் நெஞ்சு உயரத்தில், அவசரமே இல்லாமல், கொம்பன் மானை நோக்கிக் கிளம்பியது. மான் திரும்பிப் பார்த்துவிட்டுத் தானும் நடக்கத் தொடங்கியது. புவாண்ட்-கிளேர் களஞ்சியசாலையில் கிறகரியோடு வேலை செய்து, வேட்டைக்கும் கூட வந்திருந்த பிரெஞ்சுக்காரர்கள், இந்த முறை குளிர் முந்திவிட்டது என்றபடி கோப்பி ஊற்றிக் குடித்தார்கள்.

கிறகரியோ காருக்கு ஓடினான். எல்லாம் அவன் செய்த மடத்தனம். ஊரில் ஆடு அடிப்பதென்றால் முதலே பங்குக்கு ஆள் சேர்ப்பார்கள். அதே பழக்கத்தில், மான் விழுமுன்னமே கோயில் வாசலில் நின்று இங்கே குடியேறிய மன்னார்ச் சனம் அத்தனை பேருக்கும் பங்கு சொல்லிவிட்டுத்தான் காட்டுக்குப் போயிருந்தான். வெறுங்கையோடு திரும்பினால் அடுத்த ஞாயிறு பூசைக்குத் தலைகாட்ட முடியுமா? இறைச்சி சனத்துக்கு, கொம்பு அவனுக்கு. வரவேற்பறைச் சுவரில் ஆணிகூட அடித்தாயிற்று.

மான் முன்னே, சன்னம் பின்னே, அதற்கும் பின்னே காரில் கிறகரி. லவாலில் தெப்பனர் என்கிற ஒரு மூலைக் கடையின் கண்ணாடியால் நுழைந்த சன்னம் மறுபக்கச் சுவரால் வெளியேறியது. கடைக்காரர் ஓட்டையை அடைத்துவிட்டு வியாபாரத்தைப் பார்த்தார். பாலத்தில் ஒரு பாதையை மூடினார்கள்; வானொலி அதைப் போக்குவரத்துச் செய்தியில் சொன்னது. வனவிலங்கு அதிகாரி ஒருவர் வந்து அனுமதிப்பத்திரம், பருவம், சுட்ட இடம் எல்லாவற்றையும் பார்த்தார். எல்லாம் சரி. சன்னம் என்ன வேகத்தில் போகவேண்டும் என்று சட்டத்தில் இல்லை. நிறுத்தலாமா என்று கிறகரி கேட்டான். அதுவும் சட்டத்தில் இல்லை, சன்னம் உங்களுடையது மிசியூ என்று கைகொடுத்துவிட்டுப் போனார். அட, சட்டம் இவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தால் மனிசன் என்னதான் செய்வான்!

மான் நகரத்தைக் கடந்து, ஆற்றைக் கடந்து, நேரே புரோசார்ட்டில் கிறகரி வீட்டு முற்றத்துக்கே வந்து சேர்ந்தது. அங்கே பங்குக்கு வந்த சனம், திருநாள் கூட்டம்போல. பக்கத்து வீட்டு அல்போன்சம்மா மூடியோடு பெரிய சட்டி கொண்டுவந்திருந்தார். "கெதியா வா! கெதியா வா!" என்று சனம் சன்னத்தைப் பார்த்துக் கத்தியது. மானின் முன்னங்கால்கள் மடிந்தன. அதற்கும் சன்னத்துக்கும் இடையில் இருந்தது ஒரு முழம்.

அப்போது கிறகரியின் மனைவி நிரஞ்சனி வெளியே வந்தாள். ஊரில் சண்டை நடந்தபோது ஷெல்லுக்கும் சன்னத்துக்கும் பயந்து பள்ளிமுனைக் கரையில் வள்ளம் ஏறியவள் அவள்.

"இறைச்சிக்கோ சுட்டனீங்கள், கொம்புக்கோ?"

"எல்லாம் சட்டப்படிதானே, நிரஞ்சனி."

"எங்களைக் கலைச்சுச் சுட்டவங்களிட்டையும் சட்டம் இருந்தது. நான் அதையோ கேட்டனான்?"

கிறகரிக்குச் சுவரில் அடித்த ஆணி நினைவுக்கு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து மானுக்கு முன்னால் போய் நின்றான். சனம் "ஐயோ!" என்று அலறியது. சன்னம் அவனுடைய ஜாக்கெற் பொத்தானைத் தொட்டு, நடுங்கி, நின்றது. வறுத்த கச்சான் கடலைபோலச் சுட்டது. அவன் அதைப் பிடித்து இழுத்து ஜாக்கெற் பைக்குள் போட்டுச் சிப்பைப் பூட்டினான்.

"அப்ப என்ரை பங்கு?" என்றார் அல்போன்சம்மா.

மறுநாளே ஆடு வாங்கிப் பங்கு போட்டான். ஆடு மட்டும் என்ன பாவம் செய்தது என்று அல்போன்சம்மா விடவில்லை. "அது பசிக்கு, மாமி. மான் என்ரை சுவருக்கெல்லோ" என்றான். சட்டி நிறைந்துவிட்டதால் அவர் மேற்கொண்டு வாதாடவில்லை.

மான் அந்த மாரி முழுக்க வீட்டுப் பின்புறத்தில் நின்று, பனி கரைந்ததும் வடக்கே போனது. சுவர் ஆணியில் இப்போது அந்த ஜாக்கெற்தான் தொங்குகிறது. மான் உயிரோடு நிற்கும் திசைக்கு, சன்னம் கிடக்கும் பை இழுபட்டு நிற்கும். தையல் விடும்போதெல்லாம் நிரஞ்சனி தடித்த நூலால் தைத்துவிடுவாள். ஆண்டுகள் போய்விட்டன. இன்றும் விடிந்ததும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "இழுக்குதோ?" என்பதுதான்.

"ஓம், இழுக்குது" என்பான் கிறகரி. அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் தேத்தண்ணி.